செவ்வாயின் மணிக்கணக்கு

சுவர்க்கடிகாரம் பகல் ஒன்றைத் தொட்டபோது, தவசிக்கனி குடியிருப்பிலிருந்து வெகுதொலைவில் பனிக்கிணறு தோண்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குள் திரும்பினால் போதும் என்று அவருடைய கைக்கருவி சொல்லியிருந்தது.

கட்டுப்பாட்டறையில் அந்தக் கணக்கைப் பார்த்த ஜெசிந்தா, அதைத் தானே மறுபடி போட்டுப் பார்த்தாள். செவ்வாயின் நாள் பூமியின் நாளைவிடச் சற்று நீளம். அதையும் இருபத்துநான்காகவே பிரித்திருந்ததால், சுவரில் ஓடிய ஒவ்வொரு மணியும் கொஞ்சம் நீட்டப்பட்ட மணி. மூச்சுக்கலனில் இருந்த காற்றோ பூமி மணிக்கு அளந்து அடைத்தது.

இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் அவள் ‘பொழுது’ என்ற நிரல்தொகுப்பை எழுதியிருந்தாள். அதில் ‘எட்டு மணி’ என்ற வேளை வேறு, ‘எட்டு மணி நேரம்’ என்ற அளவு வேறு. இரண்டையும் அப்படியே கூட்டச் சொன்னால் தொகுப்பு மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தொல்லையாக நினைத்தவர்கள், புதிய கைக்கருவியில் ‘பொழுதை’ ஒதுக்கிவிட்டு வெறும் எண்களைக் கூட்டியிருந்தார்கள். புறப்பட்டது எட்டு மணி, காற்று ஆறு மணி நேரத்துக்கு, ஆக, இரண்டு.

கருவி சோதனையில் தேறியதுதானே என்று இழுத்தார் அறைப் பொறுப்பாளர் மீரான். ஜெசிந்தா வாதாடாமல் வானொலியை எடுத்தாள்.

“கனி அண்ணே, எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு உடனே கிளம்புங்க.”

“இன்னும் நேரம் இருக்கேம்மா.”

“கடிகாரத்துல இருக்குண்ணே. கலன்ல இல்ல.”

அவர் தோண்டுகருவியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினார். காற்றுக்கதவு அவருக்குப் பின்னால் மூடியபோது கலனில் சில மூச்சுகளே மிச்சம். கடிகாரம் இன்னும் இரண்டைத் தொட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு குடியிருப்பின் எல்லாக் கணக்குகளும் ‘பொழுது’ வழியாகவே போகவேண்டும் என்று நிர்வாக மன்றம் முடிவெடுத்தது. ஜெசிந்தா ஒரு விதியையும் சேர்த்தாள்: எந்தக் கோளின் கணக்கு என்று சொல்லாமல் ஓர் அளவு வந்தால், குடியிருப்புக்கு எது பாதுகாப்போ அதையே எடுத்துக்கொள். அதன்பின் ஒரு விபத்துகூட நடக்கவில்லை.

ஊர் திரும்ப அவள் விண்ணப்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. ஒப்பந்தத்தில் ‘பத்து ஆண்டுகள்’ என்று மட்டும் இருந்தது. பூமிக் கணக்கில் அது முடிந்துவிட்டது. செவ்வாயின் ஓர் ஆண்டோ பூமியின் ஆண்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு; அந்தக் கணக்கில் இப்போதுதான் பாதியைத் தாண்டியிருந்தது. அவள் இங்கே இருப்பதே குடியிருப்புக்குப் பாதுகாப்பு என்று கண்டு, ‘பொழுது’ தொகுப்பு விண்ணப்பத்தை நிராகரித்தது.

மீரானுக்குச் சங்கடமாகப் போயிற்று. “அந்த விதியை எடுத்துரலாமே மேடம்.”

ஜெசிந்தா நிரலை ஒருமுறை வரிவரியாகப் படித்தாள்.

“வேணாம். அது தப்பா ஒண்ணும் சொல்லலியே.”

பிறகு, தூத்துக்குடியில் தனக்காகப் பூட்டி வைத்திருக்கும் மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடும்படி அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்.