கேட்காமல் வைத்த கை

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. ஜெசிந்தா ஒரு வார்த்தையும் கேட்காமல் முத்துப்பேச்சியின் கழுத்தில் கை வைத்தாள்.

கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். படுத்திருப்பவரின் மணிக்கட்டில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதற்கு இசைவுமானி என்று பெயர். தோலின் ஈரம், இதயத் துடிப்பு, தசையின் இறுக்கம் மூன்றையும் ஓயாமல் அளந்து, சராசரி போட்டு, இந்தத் தொடுகையை உடம்பு ஏற்கிறதா இல்லையா என்று சுவர் விளக்கில் காட்டும். பச்சை என்றால் தொடரலாம். மஞ்சள் என்றால் கையை எடுத்துவிட வேண்டும். சிவப்பு வந்தால் அறைக் கதவு தானாகவே திறந்துகொள்ளும். வாய் திறந்து கேட்டால் அந்தக் கேள்வியே உடம்பைக் கலைத்து அளவைப் பிசகச் செய்யுமாம். அதனால் சிகிச்சை முடியும்வரை இருவருமே பேசக் கூடாது.

ஜெசிந்தா தொடுசிகிச்சைப் படிப்பில் சேர்ந்த காலத்தில் இதெல்லாம் கிடையாது. மசாஜ் என்ற சொல்லையே அப்போது ஜனங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். திரை போட்ட கடைகளில் நடந்த அசிங்கங்கள் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவளுடைய அம்மா அக்கம்பக்கத்தில் மகள் நர்சுக்குப் படிப்பதாகவே சொல்லிவந்தாள். அந்தக் கெட்ட பெயரைக் கழுவத்தான் உரிமம், ஒழுக்க விதி, தேர்வு என்று ஒவ்வொன்றாக வந்தன. முதல் வகுப்பிலேயே மூன்று கேள்விகளைச் சொல்லித்தந்தார்கள். எங்கே வலிக்கிறது, எங்கே தொடக் கூடாது, நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவேன் தெரியுமா. இவற்றைக் கேட்டுப் பதில் வாங்காமல் யார்மீதும் கை வைக்கக் கூடாது.

பிறகு ஓர் ஆய்வு வந்தது. 'சரி' என்று சொன்னவர்களில் பாதிப் பேர் மரியாதைக்காகச் சொன்னவர்கள் என்றது. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று பேசிக்கொண்டார்கள். பதினோரு வருடங்களுக்கு முன் இசைவுமானி வந்தது, மூன்று கேள்விகளும் பாடத்திலிருந்து போயின. இதில் ஜெசிந்தாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்பது பேரிடம் அதே மூன்று கேள்விகளைக் கேட்டு நாக்கு வறண்டுபோனவள் அவள். அன்றிலிருந்து அவள் அறையில் ஒரு தடவைகூட மஞ்சள் எரிந்ததில்லை. அவள் வேலை பார்க்கும் கூடத்தின் வரவேற்பறையில் அவள் படத்தை மாட்டி அதைப் பெருமையாக எழுதிவைத்திருந்தார்கள். தினமும் உள்ளே வரும்போது அவளும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

அது குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தை ஒட்டிய மீள்நலக் கூடம். விண்நிலையங்களில் வேலை முடித்து இறங்குபவர்கள் ஆறு நாள் தொடுசிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். எடையே இல்லாமல் மாதக்கணக்கில் மிதந்த தசைகளைத் தரைக்குப் பழக்கும் வேலை அது. காய்ச்சல், வீக்கம், காலில் இரத்தக்கட்டு போன்ற ஆபத்துகளை வாசலிலேயே ஒரு கருவி பார்த்துவிடும். ஆறு நாளும் முடித்தால்தான் அடுத்த பயணத்துக்கு உரிமம். ஏழு மாதம் விண்ணில் பற்றவைப்பு வேலை பார்த்த முத்துப்பேச்சிக்கு இருபத்தெட்டு வயது. வந்த அன்று, "வந்துட்டேன்க்கா" என்று சிரித்துவிட்டுத்தான் படுத்தாள்.

இரண்டாம் நாளே ஜெசிந்தாவின் கைக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைத் தொட்டதும் அந்தப் பெண்ணின் தோள்கள் ஒரு கணம் கல்லாயின. அடுத்த கணம் அப்படியே விட்டுப்போயின. இளகும் தசை எப்படி இளகும் என்று ஜெசிந்தாவுக்கு நன்றாகத் தெரியும். அது மூச்சோடு சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இது செத்த மீனைப் போல் கையில் கிடந்தது. படுக்கையின் மறுகோடியில் முத்துப்பேச்சியின் கால்விரல்கள் பத்தும் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

ஜெசிந்தா நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். அந்த ஒரு கண இறுக்கத்தைச் சராசரி விழுங்கியிருந்தது. பச்சை.

அப்போது அவளுக்கு வந்தது நிம்மதி. பின்னாளில் அவள் நினைத்து நினைத்துக் கூசியது அந்த நிம்மதியைத்தான். கருவி பொறுப்பை எடுத்துக்கொண்டது, இனி தன் கை சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாளும் பிடித்தாள், நான்காம் நாளும், ஐந்தாம் நாளும், ஆறாம் நாளும்.

ஏழாம் நாள் முத்துப்பேச்சி தொடுகை ஆணையத்தில் புகார் கொடுத்தாள். விண்ணில் ஒரு தடவை அவளுடைய தலைக்கவசத்தின் கழுத்து வளையம் இறுகிக்கொண்டது. நாற்பது நிமிடம் அதைத் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கழுத்தில் எது பட்டாலும் உடம்பு மரத்துப்போகிறது. "கழுத்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். பேசினால் அந்த நாள் கணக்கில் வராது என்றார்கள். பச்சை எரிவதைப் பார்த்ததும் எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாள்.

விசாரணைக்கு ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று பேருந்திலேயே தீர்மானித்துக்கொண்டு போனாள். ஆணையத்தின் வராந்தாவில் ஒரு பெஞ்சில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து உள்ளே போனாள்.

விசாரணை அலுவலர் சங்கரவடிவு கடுமையானவர் அல்ல. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"பயப்படாதீங்க. ஆறு நாளும் பச்சை. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

"அந்தப் பிள்ளைக்கு என்னாகும் மேடம்?"

"பச்சைக்கு எதிரா புகார் குடுத்தா அது பொய்ப்புகார். அதோட, வாய் ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு சொல்லுது. அப்படிப்பட்ட ஆளை எப்படி மேல அனுப்ப முடியும்? உரிமம் ரத்தாகும். விசாரணையை முடிக்க உங்க இசைவு மட்டும் வேணும்."

ஆணையத்திலும் இப்போது யாரும் கையெழுத்தை நம்புவதில்லை. சங்கரவடிவு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து ஜெசிந்தாவின் மணிக்கட்டில் ஒட்டினார். எதிர்ச் சுவரில் ஒரு விளக்கு. அவளுடைய அறையில் இருப்பதைப் போன்ற அதே விளக்கு.

"புகார் பொய்யின்னு முடிக்க நீங்க இசையிறீங்களா? பேச வேண்டாம், சும்மா இருங்க."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்வதென்றால் அந்தப் பதினோரு வருடங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது பேர். அவர்களில் எத்தனை பேருடைய கால்விரல்களை அவள் பார்க்காமலே விட்டிருக்கிறாள்? வரவேற்பறையில் மாட்டிய படம் நினைவுக்கு வந்தது. எடுத்த வாயை வெட்கத்தில் மூடிக்கொண்டாள். தோள்கள் ஒரு கணம் கல்லாயின. பிறகு உடம்பு மொத்தமாக விட்டுப்போனது. கை மடியில் கிடந்தது. செருப்புக்குள் விரல்கள் மடங்குவது அவளுக்குத் தெரிந்தது.

விளக்கில் பச்சை எரிந்தது.

"அவ்வளவுதான். ரொம்ப நல்ல அளவு. பதிவாயிட்டு" என்றார் சங்கரவடிவு.

"இல்ல மேடம்." குரல் மெல்லத்தான் வந்தது. "நான் இசையல."

"இசைஞ்சிட்டீங்களே, பாருங்க."

"விளக்கு எரியுது. நான் இசையல. அந்தப் பிள்ள இப்படித்தான் கெடந்துச்சு. ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பிடிச்சேன்."

சங்கரவடிவு உதட்டில் விரல் வைத்தார். "பேசாதீங்க, அளவு பிசகும்." பிறகு அக்கறையோடு தாழ்ந்த குரலில் சொன்னார். "பச்சை பதிவான பிறகு மாத்திப் பேசினா உங்க மேலயும் பொய்ப்புகார்னுதான் எழுதணும். உங்க உரிமமும் போயிரும். எழுதவா?"

இப்படியாவது ஒரு தடவை தன்னைக் கேட்டாரே என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. "எழுதுங்க மேடம்" என்றாள்.

சங்கரவடிவு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, முதல் புகாரின் முடிவில் மாற்றம் இல்லை, இரண்டு பேருடைய வாயும் உடம்பும் ஒத்துப்போகவில்லை என்று வாசித்துக் காட்டினார். ஜெசிந்தா பட்டையைத் தானே பிய்த்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் முத்துப்பேச்சி அப்படியே உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவைக் கழுத்தில் போடாமல் மடியில் வைத்திருந்தாள்.

"உள்ள சொல்லிட்டேன்மா. ஆனா எடுபடல. உன் உரிமத்தக் காப்பாத்த முடியல. என்னுதும் போச்சு."

முத்துப்பேச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "பிடிக்கும்போதே ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல என்ன?"

"கேக்கல."

பெஞ்சில் பாதி இடம் காலியாக இருந்தது. வழக்கமாக ஜெசிந்தா கேட்டிருக்கவே மாட்டாள், இடம் இருந்தால் உட்கார்ந்துவிடுவாள். பதினோரு வருடங்களாகப் பழகாத வாயால் கேட்டாள்.

"நான் இங்க உக்காரலாமாம்மா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பார்ப்பதற்கு அங்கே விளக்கு எதுவும் இல்லை. முத்துப்பேச்சியின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள் முத்துப்பேச்சி.

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். இரண்டு அடி பின்னால் நகர்ந்து, சுவரோரமாக நின்றுகொண்டாள்.