ஆயர் வெரிசியன் புகழ்கிறார்

கல்யாண வீட்டில் வாழ்த்துப்பா படிக்க, செத்துப்போன புலவர்களைக் கூட்டி வருவது தூத்துக்குடியில் சர்வ சாதாரணமாகிவிட்ட காலம் அது. ஒருவர் எழுதி வைத்ததையெல்லாம் விழுங்கி, எழுதிய ஆளையே தமிழில் பேச வைக்கும் எழுத்துயிர்ப்பி யந்திரம் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. சீர்வரிசைத் தட்டோடு ஒரு புலவரும் வந்து இறங்காவிட்டால் சம்பந்தி முகம் கோணிப் போகும்.

ஆனால் ஆயர் வெரிசியனை எழுப்பலாமா என்று பல்கலைக்கழகம் கேட்டபோது பேராசிரியை டெல்பினா மோத்தா துள்ளிக் குதித்ததற்குக் காரணம் கல்யாணமல்ல, புத்தகம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிராங்கு நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், வாழ்ந்த கவிஞர் அந்தக் கிறிஸ்தவ ஆயர். அவருடைய லத்தீன் பாட்டுகளோடு பதினெட்டு வருஷம் மல்லுக்கட்டி அவள் கண்ட முடிவு ஒன்றே ஒன்று: மனுஷன் சுத்த ஜால்ரா. சொந்த அண்ணனைக் கொன்ற அரசனை ‘இரக்கத்தின் ஊற்றே’ என்று பாடியவர். முட்டை கொடுத்தவர், பால் கொடுத்தவர் எல்லாருக்கும் ஒரு நன்றிக் கவிதை. ‘சோற்றுக்குப் பாடிய ஆயர்’ என்ற அவள் புத்தகத்தை அமைச்சர் வெளியிடப் போகிறார். அந்த மேடையில் ஆயரே வந்து நாலு பேருக்கு ஐஸ் வைத்தால் போதும், அவள் வாதம் ஜெயித்தது!

வெளியீட்டுக்கு முதல் நாள் காலை ஒத்திகை. எழுத்துயிர்ப்பியை இயக்கும் போனிபாஸ் ஆடி அசைந்து வந்து சேர்ந்து, டெல்பினாவிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கிக்கொண்டே பொத்தானை அழுத்தினான். உருண்டை முகமும் சிரித்த கண்களுமாக ஆயர் திரையில் தோன்றினார்.

"சாப்பாடு என்ன?" என்றார்.

"யந்திரத்துக்கு எதுக்குச் சாப்பாடு? வந்தவங்களுக்கே தண்ணி போதும்" என்றார் துணைவேந்தர் ராயப்பன். செனட் கூட்டத்துக்கே அரை டம்ளர் டீ கொடுக்கிற மனிதர்.

ஆயர் முகம் வாடவில்லை. துணைவேந்தரை நோக்கி, "விருந்தினரை வெறும் வயிற்றோடு அனுப்பி அறியாத வள்ளலே!" என்று பாடினார். போனிபாஸ் பக்கம் திரும்பி, "கதிரவனுக்கு முன்னே கடமைக்கு எழுபவனே!" என்றார். அலுவலர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்று டெல்பினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதியம் எல்லாருக்கும் பிரியாணி வந்தது. துணைவேந்தர் தன் கைக்காசில் வாங்கினாராம். மறுநாள் காலை டெல்பினா வந்தபோது, போனிபாஸ் குளித்து முழுகி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா அதிசயம்?"

"என்ன மேடம் செய்ய? எல்லார் முன்னாடியும் அப்படிப் பாடிட்டாவ. இனி லேட்டா வந்தா மானம் போயிராதா?"

நேற்றுப் பிரியாணி, இன்று இவன். டெல்பினாவுக்குப் பொறி தட்டியது. அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் திரை முன் உட்கார்ந்தாள்.

"ஆண்டகையே, அண்ணனைக் கொன்ன பாவிய இரக்கத்தின் ஊற்றுன்னு பாடினீங்களே, வெக்கமா இல்லையா?"

"கொன்றவன்தான், மகளே. அண்ணன் மக்கள் இருவரைச் சிறையில் வைத்திருந்தான். விருந்து முடிந்ததும் அவர்கள் தலையையும் வாங்குவதாக இருந்தான். ஊரே கூடிய விருந்தில் எழுந்து பாடினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதன்பின் எந்த முகத்தோடு வாளை எடுப்பான்?"

"ஆதாரம்? எழுதினதை வச்சுத்தானே உங்களால பேச முடியும்?"

"எழுதியிருக்கிறேனே. பேரிக்காய்ப் பாட்டு."

அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம். பல வருஷம் கழித்து எழுதியது. ‘அரசனின் அண்ணன் மக்கள் இருவரும் தம் தோட்டத்தில் பறித்து அனுப்பிய பேரிக்காய்க்கு நன்றி.’ ஆயர் எவ்வளவு பெரிய தீனிப்பண்டாரம் என்று காட்ட அவளே அதைப் புத்தகத்தில் எடுத்துப் போட்டிருந்தாள். பதினெட்டு வருஷமாகப் பேரிக்காயை மட்டும் பார்த்திருக்கிறாள், அனுப்பியவர்கள் உயிரோடு இருந்ததைப் பார்க்கவில்லை. ஐயோ, என்ன மடத்தனம்! அழுகையே வந்துவிட்டது.

ஆனால் புத்தகம் அச்சாகிக் கட்டுக் கட்டாக வாசலில் கிடக்கிறது. அமைச்சர் கிளம்பிவிட்டார்.

"போகட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேரிக்காய்ப் பாட்டைப் படிச்சவங்க உலகத்துலயே நாலு பேரு. யாருக்குத் தெரியப் போவுது?"

ஆயர் புன்னகை செய்தார்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. அமைச்சர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார், படம் எடுத்தார்கள். பிறகு ஆயரைப் பாடச் சொன்னார்கள்.

"அமைச்சருக்கு முன் நூலாசிரியைக்கு நாலு வரி" என்று ஆயர் தொடங்கினார். "பிழையென்று கண்டால் பதினெட்டு ஆண்டு உழைப்பையும் அடுப்பில் இடத் தயங்காதவள். அதைப் பிறர் சொல்லுமுன் தானே ஊரறியச் சொல்லும் நாவினள். இவள் கையால் எழுதப்பட நான் என்ன தவம் செய்தேனோ!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டெல்பினாவின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். கிழவர் என்னை வசமாக மாட்டிவிட்டாரே என்று மனசுக்குள் திட்டினாள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. ஆனால் அத்தனை முகங்களும் அவளையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு அந்த அரசன் எப்படி முழித்திருப்பான் என்று அவளுக்கு முதல்முறையாகப் புரிந்தது.

"இந்தப் புத்தகம் தப்பு" என்றாள்.

அரசனின் அண்ணன் மக்களைச் சொன்னாள், பேரிக்காயைச் சொன்னாள். "இவரு யாரையும் இருக்கிற மாதிரி பாடல. எப்படி இருக்கணுமோ அப்படிப் பாடிட்டு, நம்ம எல்லாரையும் சாட்சியா வச்சுக்கிடுவாரு. ராஜாவே தப்பிக்க முடியல, நான் எம்மாத்திரம்?" என்று முடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துணைவேந்தர்தான் முதலில் எழுந்து கைதட்டினார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய நிம்மதி அவளுக்கு.

ஆயர் தொண்டையைச் செருமினார். "இனி மாண்புமிகு அமைச்சர்! பிறர் பொருளுக்குக் கை நீட்டி அறியாத..."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அமைச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. "பாட்டெல்லாம் வேண்டாம்னு சொல்லுய்யா!" என்ற குரலும், வாசலில் கார் கிளம்பும் சத்தமும் கேட்டன.