பாறையிடுக்கில் ஒரு குட்டி

1976, தை மாதத்துச் சனிக்கிழமை. நெல்லியாம்பதி மலையில் காலையிலேயே விறகு பொறுக்கப் போன சிறுமிகள் முத்துப்பேச்சியும் அன்னமேரியும் பாறையிடுக்கில் ஒரு வரையாட்டுக் குட்டியைக் கண்டார்கள். பக்கத்தில் தாயைக் காணோம்.

"ஏட்டி, இதோட அம்மா செத்துப்போச்சு," என்றாள் அன்னமேரி. எதிலும் அவளுக்கு அவசரம்தான்.

"எப்படிச் சொல்லுத?"

"சிங்கவால் குரங்கப் பாத்தோம்லா? குட்டிய வயித்தோட ஒட்டிக்கிட்டேதான் தாவுச்சு. குட்டி தனியா கெடந்தா அம்மா இல்லேன்னுதானே அர்த்தம்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் குரங்கும் வரையாடும் இனி கொஞ்சம்தான் மிச்சம் என்று பாரஸ்ட் கார்டு வேறு சொல்லியிருந்தார். விறகை மறந்துவிட்டு, அன்னமேரியின் சும்மாட்டுத் துணியில் குட்டியைச் சுற்றி, தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த முத்துப்பேச்சியின் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

கிண்ணத்தில் பால் வைத்தார்கள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலில் தொட்டு ஊட்டினார்கள். துப்பியது. கொஞ்ச நேரத்தில் கத்துவதையும் நிறுத்திவிட்டது. செத்துவிடுமோ என்று முத்துப்பேச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

இடைவேளைக்கான பத்து மணிச் சங்கு ஊதியது. தேயிலைக் காட்டிலிருந்து முத்துப்பேச்சியின் அம்மா சாந்தம்மாள் ஓடி வந்தாள். கொழுந்து பறிக்கிறவர்களின் கைக்குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகை பக்கத்திலேயே இருந்தது. முத்துப்பேச்சியும் அம்மா கூடவே போனாள். அங்கே கிடந்த தம்பியை மடியில் போட்டுப் பால் கொடுத்தபடி அம்மா சொன்னாள்: "கைதான் கொழுந்து பறிக்குது. மனசு பூரா இவன்கிட்டதான் கெடக்கு."

முத்துப்பேச்சி திடுக்கிட்டாள். தம்பியும்தான் அம்மா இல்லாமல் கிடந்தான்! வீட்டுக்கு ஓடினாள்.

"அன்னமேரி, குரங்குக்குட்டிக்குக் கை இருக்கு, அம்மாவப் பிடிச்சுக்கிடுது. இதுக்குக் குளம்புதான இருக்கு? எப்படிப் பிடிக்கும்? அதான் அம்மா ஒளிச்சு வச்சிட்டு மேயப் போயிருக்கு!"

"அப்போ நாம..."

"திருடிட்டு வந்துட்டோம்."

இருவரும் மூச்சிரைக்க மலையேறினார்கள். குட்டியை அதே இடுக்கில் விட்டுவிட்டு, தூரத்துப் புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்கள்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "மனுச வாடைக்கு ஏத்துக்காதோ?" என்று முணுமுணுத்தாள் அன்னமேரி. முத்துப்பேச்சி அவள் வாயைப் பொத்தினாள்.

மேலே ஒரு கல் உருண்டது. தாய் ஆடு! அங்குமிங்கும் தேடியபடி இறங்கி வந்து, குட்டியை ஒருமுறை முகர்ந்தது. இன்னொரு முறை முகர்ந்தது. பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

"எல்லாம் ஒன் தலையில இருக்க எண்ணெ வாசம்," என்றாள் முத்துப்பேச்சி.

குட்டி தள்ளாடி எழுந்து, முட்டி முட்டிப் பால் குடித்தது.

இறங்கும்போது அன்னமேரி கேட்டாள்: "இனிமே குட்டி தனியா கெடந்தா என்ன செய்ய?"

"குரங்குக்குட்டின்னா அம்மாவத் தேடணும். வரையாட்டுக் குட்டின்னா தொடாம வந்துரணும்."

"ஏன்?"

"அவங்கம்மா வேலைக்குப் போயிருக்கும்."