மூன்று நிமிடம் பட்ட வேதனை

நிலவின் பனிச்சுரங்கத்தில் வேலை முடிந்ததும், கைகால் கழுவுவதுபோல, அன்றைய மனக்கசப்பையும் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் உணர்பதிவியை இரண்டு முறை தட்டினால் போதும், அதில் பதிந்த உணர்ச்சியெல்லாம் அழிந்துவிடும். அமலோற்பவம் மட்டும் எட்டு மாதமாகத் தட்டவில்லை. தட்டினால் சாட்சி போய்விடுமே!

சூப்பர்வைசர் தணிகைவேல் பத்துப் பேர் நடுவில், "இதுக்கெல்லாம் மூளை வேணும்மா, உனக்கு எங்க இருக்கு?" என்று சிரித்ததையும், சாப்பாட்டு மேசையில் யாரும் அவளோடு உட்காரக் கூடாதென்று கண்ணாலேயே உத்தரவு போட்டதையும் அப்படியே சேர்த்து வைத்திருந்தாள். அவனைத் தண்டிக்கும் ஆசைகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. 'உனக்கு நடந்தது தப்புதாம்மா' என்று ஒரு மனுஷ வாய் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு, ஐயோ பாவம், எவ்வளவு ஏங்கினாள்!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதையே அங்கே புகார்க் குழுவின் விதியாக்கியிருந்தார்கள். புகார் கொடுத்தவர் பட்டதைக் குழுவினர் மூவரும் மூன்று நிமிடம் தாங்களும் பட வேண்டும்.

அமலோற்பவத்தின் பதிவை மாட்டிக்கொண்டு மூவரும் கண்ணை மூடினார்கள். ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் விக்கி விக்கி அழுதார். தலைவி நாச்சியார் நேரம் முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா தாங்குன? எட்டு மாசம்!"

"நம்புறீங்களா மேடம்?"

"நம்புறதா? எனக்கே நடந்த மாதிரி இருக்கேம்மா! தீர்ப்புல எழுதுறேன் பாரு."

அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுவாரம் தீர்ப்பு வந்தது. கொடுமையை அனுபவித்த குழுவினர் மூவருக்கும் பூமியில், கடலோர விடுதியில், ஆறு மாத ஓய்வு. விசாரிக்கக் குழு இல்லாததால் தணிகைவேலின் கோப்பு மூடப்பட்டது. மூவரையும் இந்த வேதனைக்கு ஆளாக்கியதற்காக அமலோற்பவத்தின் மேல் துன்புறுத்தல் புகார்!

பதறிப்போய் நாச்சியாரை அழைத்தாள். "நீங்களுமா மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"மன்னிச்சிடும்மா. உன் பேரைக் கேட்டாலே எனக்குப் படபடன்னு வருது. இனிமே கூப்பிடாத."

அந்தப் புகாரை விசாரிக்கும் புதுக் குழுவுக்குத் தலைவர் வேண்டுமே? சுரங்கத்தில் அடுத்த மூத்தவன் தணிகைவேல்தான். விதிப்படி அவனும் அந்த மூவர் பட்டதை மூன்று நிமிடம் மாட்டிப் பார்த்தான். கழற்றும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

திரையில் தெரிந்த மூவரையும் பார்த்து, "உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயங்க" என்றான்.

குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் அமலோற்பவம்.