நூறு எண்ணும் வரை

பலகையில் மிச்சம் கிடந்த காளான் தண்டுத்துண்டு நீலமாகியிருந்தது.

மரம் அறுக்கிறவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். அவனே அறுத்த துண்டு; அப்போது வெளுத்த மஞ்சளாகத்தான் இருந்தது. குடைக்கு அடியில் மடிப்பில்லாமல் பஞ்சு போலத் துளைதுளையாக இருக்கும் இந்தக் காட்டுக் காளானுக்கு மரவெட்டிகளிடம் ஒரே சோதனைதான். அறுத்துவிட்டு நூறு எண்ண வேண்டும். நீலம் ஏறினால் தூக்கி எறிய வேண்டும்.

இன்று சமைக்கும்போது, அவன் நாற்பது எண்ணுவதற்குள் மகள் பசி என்று அழுதாள்.

"போலீஸ்காரன் திருடனப் பாக்குற மாதிரி பாத்தது போதும், இங்க குடுங்க" என்று மனைவி சிரித்தாள்.

நாற்பதோடு கொடுத்துவிட்டான். பல்வலி என்று அவன் மட்டும் சாப்பிடவில்லை.

தகரக் கூரையில் மூன்று நாள் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, ஈர மரத்தூளின் புளித்த வாடையும் வதங்கிய வெங்காயத்தின் மணமும் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்ற, சன்னலில் வழிந்த பகல் வெளிச்சம் மேசைக்காலோடு நின்றுவிட்டது. பாலம் மூழ்கிவிட்டது. லாரியும் வராது, வைத்தியரும் வரமாட்டார்.

உள்ளறைப் பாயில் தாயும் மகளும் உண்ட அசதியில் கிடந்தார்கள். மனைவியின் தோளை அழுத்தி உலுக்கினான்.

"ஏய், எந்திரி. வயிறு எப்படியிருக்கு?"

"வயித்துக்கென்ன, ஜம்முனு இருக்கு. கொஞ்ச நேரம் கண்ணசர விடமாட்டீங்களே!"

அப்பாடா என்றிருந்தது. கையை எடுத்தான்.

தோளில் அவனுடைய ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. வெளுப்பாக. பிறகு ஓரத்திலிருந்து மெல்ல நீலமாக.

தேய்த்தான். தேய்த்த இடமெல்லாம் பரவியது.

"வலிக்குதா?"

"ம்ஹூம்." தூக்கத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டாள். நான்கு கோடுகள். நான்கும் நீலம்.

மணிக்கட்டைப் பிடித்தான். நீலம். விட்டுவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் இமை அசையவில்லை. மறுபடி கூப்பிட்டான். 

மகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வெள்ளமானாலும் இறங்க வேண்டும். குனிந்தான். கை பாதியில் நின்றது.

எங்கே பிடிப்பது?

குழந்தை முழித்துக்கொண்டது. அவனைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. பாயில் அழுந்தியிருந்த கன்னம் முழுக்க, கோரைக்குக் கோரை, பாயின் பின்னல் நீலமாக ஏறியிருந்தது.

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஒரு கறையும் இல்லாத சின்னக் கைகள் இரண்டும் அவனை நோக்கி நீண்டன.

"தூக்குப்பா."