ஓயாமல் அலறிய கெமரா

லாபிர் வீட்டுக் கெமரா தேங்காய்க் கள்ளனைப் பிடிப்பதற்காக வாங்கியது. வாசல் கூரைக்குக் கீழே இருந்தபடி முற்றத்தையும் கேற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது அசைந்தால் வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி 'கீய்ங்' என்று அலறும். போனிலும் ஒரு வீடியோ வந்து விழும். இதுவரை அது பிடித்துக் கொடுத்தது ஒரு பூனையையும் லாபிரின் வழுக்கையையும்தான்.

இப்போது அந்த வீட்டில் யாருக்கும் தேங்காயைப் பற்றிக் கவலை இல்லை.

இரண்டு நாளைக்கு முன் கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளுக்குச் சிங்களக் கலகக் கும்பல்கள் நெருப்பு வைத்திருந்தன. இவர்கள் இருந்த குண்டசாலையில் நின்று பார்த்தாலே புகை தெரிந்தது. அரசாங்கம் ஊரடங்குச் சட்டம் போட்டது. அது கலகக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். பொழுது சாயும்போது வேறொரு பக்கத்தில் புதிதாகப் புகை எழுந்தது.

அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெட்டி அலறினால் உம்மா பஸீஹா கடைக்குட்டி ஹாஷிமைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓட வேண்டும். பதினொரு வயது றமீஸா சாவியோடு நிற்க வேண்டும். அவள் கதவைத் திறந்ததும் எல்லோரும் வாழைத் தோட்டத்துக்குள் பாய வேண்டும். வாப்பா லாபிரின் வேலை, ஓடும் முன் வாசல் விளக்கை அணைப்பது.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். அந்தி மஃரிப் தொழுகை முடிந்த கையோடு அது ஆரம்பித்தது.

கீய்ங்.

உம்மா ஓடினாள். றமீஸா சாவியைப் பூட்டில் நுழைத்தாள். பெட்டி அலறி ஓயும் முன்பே வாப்பா விளக்கை அணைத்துவிட்டு யன்னல் இடுக்கால் பார்த்தார். கேற்றில் ஒருவரும் இல்லை.

"ஒண்டும் இல்ல," என்றார் வாப்பா.

"அப்ப லைட்டப் போடுங்க," என்றாள் உம்மா. "இருட்டா ஈந்தா ஊட்டுல ஆளில்லண்டு நெருப்பு வெப்பாங்க."

"போட்டா ஆள் ஈக்குதுண்டு அடிக்க வருவாங்க."

இரண்டுமே றமீஸாவுக்குச் சரியாகத்தான் பட்டன. கடைசியில் உம்மாவே போய் விளக்கைப் போட்டாள்.

கீய்ங்.

மறுபடியும் ஓட்டம். மறுபடியும் வாப்பா விளக்கை அணைத்தார். எல்லோரும் அப்பாடா என்று திரும்பியபோது, கீய்ங்.

முதல் தடவை ஹாஷிம் வீரிட்டு அழுதான். பிறகு அழுவதை நிறுத்திவிட்டான். இடமும் வலமும் மாறிய செருப்போடு, தானாகவே போய்ப் பின்கதவடியில் நின்றுகொண்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் நிற்பதைப் பார்க்க, அவன் அழுததே பரவாயில்லை போலிருந்தது.

"தாத்தா, வந்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான். அந்த வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இந்தச் சனியண்ட வயரப் புடுங்கிப் போடப்போறன்," என்றார் வாப்பா. "புள்ள பயத்துலயே செத்துப்போவான்."

"புடுங்கினா, உண்மையா வந்தா எப்பிடித் தெரியும்?" என்று உம்மா கேட்டாள்.

வயரைப் பிடித்த வாப்பாவின் கை அப்படியே நின்றது.

"இஷா தொழுகை வரைக்கும் போன எனக்குத் தாங்க வாப்பா," என்றாள் றமீஸா. "பொய்யா ஏன் கத்துதுண்டு பாக்குறன். சரிவராட்டிப் புடுங்குங்க."

வாப்பா போனைக் கொடுத்தார்.

கெமராவோடு வந்த விளக்கத் தாளின் ஒரு பக்கம் சீன மொழியில் இருந்தது. மறுபக்கம் இங்கிலீசு. அதையும் சீன மொழியிலேயே விட்டிருக்கலாம். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்தது. வீட்டுக்குள் போனும் கெமராவும் பேசிக்கொண்டதே பெரிய காரியம்.

அசைவை எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது என்று ஓர் அளவு இருந்தது. அது உச்சியில் நின்றது.

"இத ஆரு கூட்டின?"

"நான்தான்," என்றார் வாப்பா. "எறும்பும் தப்பக் கூடாதுண்டு."

றமீஸா அதைப் பாதிக்குக் குறைத்தாள். இனி எறும்புகள் தப்பிக்கலாம். பிறகு காத்திருந்தாள். உம்மா விளக்கைப் போட்டாள்.

கீய்ங்.

சுவரில் ஒட்டியபடி ஹாஷிம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

றமீஸா அன்று மாலை விழுந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். எதிலும் ஆளில்லை. பூனைகூட இல்லை. வெறும் முற்றம். ஒரு வீடியோவில் அது சட்டென்று கறுத்தது. அடுத்ததில் சட்டென்று வெளுத்தது. அதற்கடுத்ததில் மீண்டும் கறுத்தது.

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"உம்மா, வாப்பா, கொஞ்ச நேரத்துக்கு ரெண்டு பேரும் சுவிட்சத் தொடாதீங்க."

"ஏன்?"

"சும்மா இரிங்களே."

இருந்தார்கள். சுவர் மணிக்கூட்டின் டிக் டிக் மட்டும் கேட்டது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து றமீஸா எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

கீய்ங்.

"முற்றத்துல வெளிச்சம் மாறினா படமே மாறுது. ஏதோ அசையுதுண்டு கெமரா நெனைக்குது," என்றாள் அவள். "மொதல் தரம் எறும்பாத்தான் ஈக்கும். அதுக்குப் பொறகு வந்ததெல்லாம் நீங்க ரெண்டு பேரும்தான்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா வாப்பாவைப் பார்த்தாள். தம் வீட்டைத் தாமே முற்றுகையிட்டது எப்படி என்று இருவருக்கும் புரிய சற்று நேரம் பிடித்தது.

"இனி சுவிட்சில ஆரும் கை வெக்கக் கூடாது," என்ற றமீஸா, போனில் கேற்றைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் வரைந்தாள். இனி அந்தக் கட்டத்துக்குள் மட்டும் கெமரா கவனித்தால் போதும்.

விளக்கு அணைந்தபடியே இருந்தது. தன் கட்சி வென்றதாக வாப்பா நினைத்துக்கொண்டார். வாயால் சொல்லவில்லை. அவருக்கும் புத்தி உண்டு.

பெட்டி அமைதியாகவே இருந்தது. ஹாஷிம் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து பாணும் பருப்பும் தின்னத் தொடங்கினான். செருப்பை மட்டும் கழற்றவில்லை.

கீய்ங்.

இந்த முறை சுவிட்சில் யாருடைய கையும் இல்லை.

ஹாஷிமின் வாயில் பாண் அப்படியே நின்றது. உம்மா அவனை வாரி எடுத்தாள். போன் படத்தில் கேற்றுக்கு வெளியே மூன்று உருவங்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. ஒருவன் பெரிய பலகை ஒன்றைச் சுமந்திருந்தான். இன்னொருவனின் தலைக்கு மேல் பொல்லுத் தடிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"கதவத் தொற மகள்," என்று வாப்பா கிசுகிசுத்தார்.

சாவி றமீஸாவின் கையில் இருந்தது. கதவைத் திறந்தால் வெளியே கும்மிருட்டு, வாழைத் தோட்டம், அதற்கப்பால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத பாதை. அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பொல்லுகள் நான்கு. நான்கும் ஒரே நீளம். நான்கும் ஒரே இடத்திலிருந்து முளைத்திருந்தன.

"வாப்பா, அது கதிரட கால்."

"என்ன?"

"தலகீழாக் கவுத்துத் தூக்கிட்டு வாராங்க. அடிக்க வாரவங்க குந்துறதுக்குக் கதிர கொண்டு வருவாங்களா?"

வாப்பா யோசித்தார். இதில் அவருக்கு முன் அனுபவம் இல்லை.

அப்போது கேற்றடியில் யாரோ இருமினார்கள். "லாபிர், பயப்பிடாதேங்கோ. நான் விமலநாதன்."

எதிர் வீட்டு விமலநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், தபால் கந்தோரில் வேலை. வாப்பா யன்னலைத் திறந்து பார்த்தார். விமலநாதனோடு அடுத்த வீட்டுச் சிங்களவரான பண்டாவும் அவர் மகனும் நின்றார்கள்.

"உங்கடை விறாந்தையிலை நாங்கள் இருந்தால் ஒருத்தரும் உள்ளுக்கை வரமாட்டினம்," என்றார் விமலநாதன். "சும்மா இருந்தால் நித்திரை வரும். அதுதான் விளையாடக் கெரம் போட்டைக் கொண்டு வந்தனாங்கள்."

உள்ளே வந்து விறாந்தையில் பலகையை வைத்தார்கள். யாராவது வந்தால் முதலில் தன்னுடைய ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று பண்டா சிங்களத்தில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. அவர் கண் கேற்றுக்கு வெளியே போகும் ஒழுங்கையின் பக்கமே இருந்தது.

"பிள்ளை, அந்த லைற்றைப் போடும்," என்றார் விமலநாதன். "காய் தெரியேல்லை. இருட்டெண்டால் பண்டா களவு விளையாடுவான்."

றமீஸா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா தலையாட்டினார். அவள் சுவிட்சைப் போட்டாள். வெளிச்சம் முற்றத்தைத் தாண்டி, கேற்றைத் தாண்டி, ஒழுங்கை வரைக்கும் போய் விழுந்தது.

கீய்ங்.

உம்மா திடுக்கிட்டு ஹாஷிமைத் தேடினாள். அவன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"லைட்டுதான் உம்மா," என்றான். பிறகு ஒரு செருப்பைக் கழற்றினான். கொஞ்சம் யோசித்துவிட்டு மற்றதையும் கழற்றினான்.