மதியத் தூக்கத்தில் பிளந்த ஹீரா

மாலை 4.10.

தலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. உச்சியிலிருந்து தாடைவரை ஒரே கோடு. இடது கண் மேடைமேல், வலது கண் தரையில், மூக்கு ஆளுக்குப் பாதி.

பலியானவள் ஹீரா. கிரேக்கத் தேவர்களின் ராணி. புருஷன் ஜீயஸ் கண் வைத்த பெண்களையெல்லாம் விரட்டி விரட்டிப் பழிவாங்கிய மகராசி. ஆளுயரப் பளிங்கில் அவளைச் செதுக்கச் சிற்பி யாக்கோவோஸுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அவன் போட்ட கூச்சலில் மர்மாரி கிராமமே எழுந்து ஓடிவந்தது. சும்மா விஷயமில்லை. மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை எங்கள் தீவில் தூக்க நேரம், தும்மினால்கூடச் சண்டைக்கு வருவார்கள்.

"ஸ்த்ராத்திஸ்தான்! அந்தப் பொறாமை பிடிச்ச நாயைத் தவிர வேற எவன் செய்வான்?"

ஊரும் அதையே சொன்னது. பக்கத்துத் தீவில் புது நாடக அரங்கம் எழும்புகிறது. அதன் முகப்பில் நிற்க ஒரு ஹீரா வேண்டும். யாக்கோவோஸ் ஒன்று, எதிர்வீட்டு ஸ்த்ராத்திஸ் ஒன்று செய்தார்கள். இரண்டும் இன்று ஆறு மணிக் கப்பலில் ஏற வேண்டும். அங்கே ஒன்றுதான் தேறும்.

4.25. சார்ஜென்ட் கல்லிரோயி வந்தாள். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா முழுசா எப்ப பார்த்தே?"

"ஒன்றரைக்கு. என் பொண்டாட்டி மெல்போ சாப்பாடு கொண்டு வந்தா. முற்றத்துல உக்காந்து சாப்பிட்டேன், அவளோடயே வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்."

"கதவு?"

"இந்த ஊர்ல எவன் பூட்டுறான்?"

"சத்தம்?"

பக்கத்து ரொட்டிக்கடை லூக்கியா முன்னால் வந்தாள். "ஒண்ணுமே கேக்கலக்கா. நடுவுல ஒரு சுவர்தான். சுத்தியல் விழுந்திருந்தா நான்தான் முதல்ல கத்தியிருப்பேன்."

அவள் பேசும்போது எல்லார் கண்ணும் அவள் முகத்துக்குப் போனது, பிறகு தரைக்குப் போனது. அதே நெற்றி, அதே உதடு. யாக்கோவோஸின் ஹீராவுக்கு லூக்கியாவின் முகம் என்பது ஊரறிந்த ரகசியம்.

கல்லிரோயி குனிந்து பார்த்தாள். உளி பட்ட காயம் எங்கேயும் இல்லை. பளிங்குத் தூள் படிந்த இரண்டு கன்னத்திலும் தூள் கரைந்து ஓடிய கோடுகள்.

"அழுதிருக்கா!" என்றது கூட்டம்.

"பொய்ச்சாமிக்கெல்லாம் அற்புதம் கிடையாது," என்றார் பாதிரியார். இருந்தாலும் ஒருதடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

உச்சந்தலையில் ஒரு துளை இருந்திருக்கிறது. வெண்கலக் கிரீடம் பொருத்துவதற்கு, கட்டைவிரல் தடிமனில், ஒரு சாண் ஆழத்துக்கு. இப்போது ஆளுக்குப் பாதித் துளை. பக்கத்தில் ஓர் உருளைக் கட்டை கிடந்தது. அதுவும் ஒரு சாண் நீளம்தான்.

"இது என்ன?"

"துளைக்குள்ள தூசி போகாம எதையாவது அடைச்சு வைப்போம். நான் துணியத்தான் வச்சேன்னு ஞாபகம். இப்ப அதுவா முக்கியம்? போய் அவனைப் பிடி!"

கட்டை ஈரமாக இருந்தது. கல்லிரோயி அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

4.45. ஸ்த்ராத்திஸ் தன் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மதியம் அங்கே போனியா?"

"போனேன். மூணு மணிக்கு. தினமும்தான் போறேன்."

"எதுக்கு?"

"வயித்தெரிச்சல். அவன் எவ்வளவு நல்லா செதுக்குறான்னு பாக்காம தூக்கம் வராது. போதுமா?"

"உடைச்சியா?"

"அதைவிட நல்லா செஞ்சு ஜெயிக்கணும்னுதான் எனக்கு ஆசை. உடைஞ்ச சிலையை எப்படி ஜெயிக்கிறது? மூணு மணிக்கு முழுசாத்தான் நின்னுது." தயங்கினான். "கன்னம் மட்டும் ஈரமா இருந்துச்சு. சொன்னா சிரிப்பீங்க."

கல்லிரோயி சிரிக்கவில்லை. "நீதான்னு ஆயிட்டா உன் சிலையும் கப்பல் ஏறாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"உன் ஹீராவைக் காட்டு."

"முடியாது. அரங்கத்துல வச்சு எல்லாரும் பாத்துக்கட்டும்."

அவள் உள்ளே போய், சிலையை மூடியிருந்த போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள். பார்த்தாள். ஸ்த்ராத்திஸ் காதுவரை சிவந்தான். அவள் மறுபடி மூடிவிட்டு வெளியேறினாள்.

5.05. யாக்கோவோஸ் வீட்டு அடுக்களை. அன்று புனித யாக்கோவோஸ் திருநாள், அந்தப் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர்நாள். எங்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள்தான் பெரிசு. அழைப்பு கிடையாது, ஊரே வரும். சிலை உடைந்தாலும் வருகிறவர்களுக்குப் பலகாரம் வேண்டுமே. அவன் மனைவி மெல்போ முழங்கைவரை மாவோடு நின்றாள். காலி ஒயின் பாட்டிலை உருட்டி மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் தடிப்பு.

"வா, கல்லிரோயி. காப்பி போடட்டுமா?"

"வேண்டாம். சிலையைப் போய்ப் பாத்தியா?"

"ஒன்பது மாசமாப் பாத்தாச்சு."

சுவரில் அவள் அப்பாவின் படம். பின்னால் பளிங்கு மலை. வெடிமருந்து தீவுக்கு வராத காலத்திலேயே அந்த மலையைப் பெயர்த்த மனுஷர்.

5.30. ஸ்த்ராத்திஸின் பட்டறைக்கு எல்லோரையும் வரச்சொன்னாள் கல்லிரோயி. கப்பலுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

"அவன் கையில விலங்கு எங்கே?" என்றான் யாக்கோவோஸ்.

"சிலை உடைஞ்சப்ப உள்ள யாருமே இல்ல," என்றாள் அவள். "சத்தமே வராம பளிங்கு எப்படிப் பிளக்கும்? அந்தக் காலத்துக் குவாரிக்காரனைக் கேட்டா சொல்லுவான். கல்லுல துளை போட்டு, காஞ்ச கட்டையை இறுக்கி அடிச்சு, தண்ணி ஊத்திட்டுப் போயிடுவான். கட்டை ஊறும், உப்பும். கல்லு தானாப் பிளக்கும். இங்கே துளை ரெடியாவே இருந்துச்சு. வழிஞ்ச தண்ணிதான் ஹீராவோட கண்ணீர். ஸ்த்ராத்திஸ் அதைப் பாத்திருக்கான். பொய் சொல்றவன் இப்படியா நம்பமுடியாததைச் சொல்லுவான்?"

"கட்டையை அடிச்சாச் சத்தம் கேக்குமே?" என்றாள் லூக்கியா.

"ரெண்டு மணிக்கு முன்னாடின்னா எவன் கவனிப்பான்? வேலை நேரத்துல இந்த ஊர்ல சுத்தியல் சத்தம் காக்கா கத்துற மாதிரி." பையிலிருந்து கட்டையை எடுத்தாள். "இது பட்டறைக் கட்டை இல்ல. வழவழன்னு இருக்கு, ரேகைக்குள்ள மாவு. பெயர்நாளும் அதுவுமா ஒருத்தி மாவு தேய்க்கிற ஒல்லிக் கட்டை இல்லாம பாட்டிலை உருட்டுறா. மெல்போ, உன் கட்டையோட மீதி எங்கே?"

மெல்போ கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள்.

"அடுப்புல," என்றாள். "அவர் முற்றத்துல சாப்பிட்டுக்கிட்டிருந்தார். கூஜாத் தண்ணி முழுசும் ஊத்தினேன்."

"மெல்போ!" யாக்கோவோஸ் வாய் பிளந்தான்.

"என்ன மெல்போ? இருபது வருஷமா உங்க சட்டைத் தூளைத் துவைக்கிறவ நான். ஹீராவுக்கு யார் முகம்னு கேட்டேன். ராணிக்கு ஏத்த முகமா வேணும்னீங்க. யார் அந்த ஹீரா? புருஷன் கண்டவளைப் பாக்க, வீட்ல உக்காந்து வெந்தவதானே? வயித்தெரிச்சல் எனக்கு, முகம் அவளுக்கா?"

லூக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா ஸ்த்ராத்திஸ், உன்மேல பழி வரும்னு நான் நினைக்கல," என்றாள் மெல்போ. "மன்னிச்சுடு."

"பரவாயில்ல," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

5.45. துறைமுகத்தில் முதல் சங்கு ஊதியது. சுமைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"போர்வையோடயே தூக்குங்க," என்றான் ஸ்த்ராத்திஸ் அவசரமாக.

"நாளைக்கு ஊர் உலகமே பாக்கப்போகுது. இவங்க மட்டும் பாக்கக்கூடாதா?" என்று கல்லிரோயி துணியை இழுத்தாள்.

இடது புருவம் ஒரு மயிரிழை மேலே. தாடையில் சின்னக் குழி. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிற ராணி.

"மெல்போ அக்கா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் லூக்கியா.

மெல்போ சிலையைப் பார்த்தாள். மாவுக்கை தானாக எழுந்து தன் தாடைக் குழியைத் தொட்டது. ஒருதடவைகூட அவளிடம் நின்று பேசாத மனுஷன், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இவ்வளவையும் பார்த்திருக்கிறான்.

"புகார் எழுதணுமா, யாக்கோவோஸ்?" என்று கேட்டாள் கல்லிரோயி.

அவன் காதில் விழவில்லை. சிலையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான், இருபது வருஷத்தில் முதல் தடவை பார்ப்பவன் மாதிரி. பிறகு ஸ்த்ராத்திஸைப் பார்த்தான். யாக்கோவோஸின் கை மெல்லப் பின்னால் போய், மேசைமேல் சுத்தியலைத் தடவித் தேடியது.

சுத்தியல் அங்கே இல்லை. கல்லிரோயி அதைத் துணியை இழுப்பதற்கு முன்பே எடுத்துத் தன் பெல்ட்டில் செருகியிருந்தாள்.